முதுமையும் உடலின் பிறவிக் காவலும்

(இளையரசனேந்தலில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இம்மாதக் கூட்டத்தில் உபயோகமான ஒரு விஷயத்தைக் குறித்துப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். விவாகச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசலாமென்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதைப்பற்றி இச்சபையில் முன்னரே பலர் பேசியிருக்கின்றனர், செலவோ குறைந்தபாடில்லை. ஆதலின், இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோரைப் பற்றியும், அவர்களுடைய தேகத்தை அவர்கள் அறியாமலே காத்துவரும் ஒரு காவலைப் பற்றியும் பேசத் துணிந்தோம். யாம் வைத்தியரல்லோம். படித்தும், படித்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லப் புகுகிறோம். இவ்விஷயத்தில் எமக்கு ஆவல் பிறந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். அடைமழை விட்டு, கரிசற்காடு கால் வைக்கவொட்டாமற் சேறாய்க் கிடந்த சமயம். எம் பாட்டியார்க்கு அப்பொழுது எண்பது வயதுக்கு மேலாகியிருந்தது. நாள்தோறும் விடியுமுன் எழுந்து முற்றந் தெளிப்பவர் அன்று எழவில்லை. கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்ததில் இரண்டு வாய்க்குமேற் குடிக்கவில்லை. பிற்பகலில் எம் தந்தையாரை, என்றோ இறந்துபோன பெரிய பாட்டனாரின் பெயர் சொல்லி அழைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. “காய்ச்சல் ஒன்றுமில்லை, வயதாகிவிட்டதல்லவா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகே வண்டி பிடித்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா பற்றியிருக்கிறது, பற்றிச் சில நாளாயிற்று என்று வைத்தியர் சொன்னார். “காய்ச்சலே இல்லையே!” என்றோம். “இந்த வயதில் காய்ச்சல் வராமலும் இருக்கும்” என்றார். பாட்டியார் வீடு திரும்பவில்லை.

வைத்தியர் எம்மைக் குறை கூறவில்லை. ஆயினும், காய்ச்சல் என்பதுதான் என்ன, கிருமி புகுந்தும் அது ஏன் அவருக்கு வரவில்லை என்னும் கேள்வி அன்று முதல் எம்மை விட்டபாடில்லை.

நம் ஊரிற் கருவேலமுள் தைக்காத கால் இல்லை. முள் தைத்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியிலிருந்த செல்ஸஸ் என்பவர் ஒருங்கே குறித்துவைத்தார். இதனை அழற்சி என்கிறோம். மறுநாள் சீழ் கோக்கிறது. சீழைக் கண்டு அருவருக்கிறோம். அதுவோ பெரும்பாலும் நமக்காகப் போராடி மடிந்த வெள்ளணுக்களின் குவியல்.

இந்த முள்ளின் கதையை விஞ்ஞானமாக்கியவர் ருஷிய தேசத்தாராகிய இலியா மெச்னிகாவ். 1882ஆம் ஆண்டில் அவர் இத்தாலியைச் சேர்ந்த மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் யாவரும் வித்தை செய்யும் குரங்குகளைக் காணச் சர்க்கஸுக்குப் போய்விட்டனர். அவர் மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன் அமர்ந்து நட்சத்திரமீனின் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது; உள்ளே சில அணுக்கள் தாமே நகர்ந்து திரிவன. இவை ஒருவேளை உடலுக்குக் காவலாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றிற்று. உடனே தோட்டத்திற்குச் சென்று ரோஜா முட்களைப் பறித்துவந்து அக்குஞ்சின் தோலுக்கடியிற் செருகிவைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியற்காலையிற் பார்த்தபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! இவ்வணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கும் என்பதை அவர் பின்னர் நிறுவினார்; 1908இல் ஜெர்மானியராகிய பால் எர்லிக் என்பவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் உடலுக்குக் காவல் இரண்டு வகை. ஒன்று பிறவியிலேயே அமைந்தது. மற்றொன்று கண்டு கற்றுக்கொள்வது. பழைய காலத்துக் கிராமத் தலையாரியை நினைத்துக்கொள்ளுங்கள். திருடனின் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியாது. ஆனால் நள்ளிரவில் ஊர் எல்லையில் நடப்பவன் ஊரானா அயலானா என்பதை நடையைக் கொண்டே அறிவார். அறிந்த கணமே தடியோடு ஓடுவார். இதுவே பிறவிக் காவல். மற்றொன்று போலீஸ் ஸ்டேஷன் போன்றது. அங்கே பதிவேடு உண்டு. ஒருமுறை பிடிபட்ட திருடனின் அங்க அடையாளம் எழுதிவைக்கப்படும். மறுமுறை அவன் தலை காட்டினால் தப்ப முடியாது. அம்மை குத்துவதெல்லாம் இப்பதிவேட்டில் முன்கூட்டியே பெயரெழுதும் காரியமேயாகும். ஆனால் புதிய திருடன் வந்தால் ஸ்டேஷனிலிருந்து படை கிளம்பச் சில நாட்கள் செல்லும். சில வேளை ஒரு வாரமும் ஆகும். அதுவரையில் ஊரைக் காப்பவர் தலையாரியே.

தலையாரி அயலானை எவ்வாறு அறிகிறார் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. கிருமிகளின் மேற்புறத்தில், நம் உடலில் எங்கும் இல்லாத சில பொருள்கள் உண்டு. அவற்றைத் தொட்டறியும் உறுப்புக்கள் நம் காவலணுக்களில் பிறவியிலேயே பதிந்துள்ளன. இதனைப் பழ ஈயிற் கண்டவர் பிரான்ஸ் தேசத்து ஜூல்ஸ் ஹாப்மன் குழுவினர், 1996இல். எலியிற் கண்டவர் அமெரிக்கராகிய புரூஸ் பாய்ட்லர் குழுவினர், 1998இல். இவ்விருவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈக்கும் எலிக்கும் மனிதனுக்கும் இவ்விஷயத்தில் ஒரே சூத்திரம் என்பது எமக்குப் பெரிய வியப்பாயிருந்தது.

இக்காவலின் வெளிமதில் தோல். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைஸோஸைம் என்னும் பொருள் உண்டு. பெனிசிலினுக்குப் பேர்போன பிளெமிங், அதற்கு ஆறாண்டுகள் முன்னதாக 1922இல் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார். வயிற்றில் அமிலம், மூச்சுக்குழலிலோ நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டேயிருக்கின்றன. சுருட்டும் பீடியும் அடுப்புப் புகையும் இம்மயிர்களையே முதலிற் கெடுக்கின்றன. மதிலைத் தாண்டியவற்றைப் பிடிக்க இரத்தத்திலே ந்யூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. எலும்பின் மச்சையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ பதினாயிரங் கோடி ந்யூட்ரோபில்கள் பிறக்கின்றனவாம்; ஒவ்வொன்றின் ஆயுளும் மிகக் குறுகியது. இவையன்றி, கிருமி புகுந்து கெட்டுப்போன நம் அணுக்களையே இனங்கண்டு கொல்லும் வேறு வகையும் உண்டு. இயற்கைக் கொலையணுக்கள் என்பது அவற்றின் பெயர்.

இனி முதுமைக்கு வருவோம். மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. கற்கும் காவலின் முக்கிய அணுக்களுக்கு அதுவே பள்ளிக்கூடம். இப்பள்ளிக்கூடம் வாலிபத்திலேயே சுருங்கத் தொடங்கி, அறுபது வயதுக்குள் பெரும்பகுதி கொழுப்பாய் மாறிவிடுகிறது. பழைய பதிவேடு இருக்கும்; புதிய ஆட்கள் மிகச் சிலரே வருவார்கள். ஆகவே முதியோரிடம் ஊர்க்காவலின் பாரம் மேலும் மேலும் தலையாரியின் தோளிலேயே விழுகிறது. அவரும் முதியவர்தாம், ஆயினும் முற்றிலும் தளர்ந்துவிடுவதில்லை. நூறு வயது கடந்தும் நலமாயிருப்போரிடம் இயற்கைக் கொலையணுக்களின் ஆற்றல் நன்கு நிலைத்திருப்பதாக இத்தாலிய ஆராய்ச்சியாளர் 1993இல் வெளியிட்டனர். நீண்ட ஆயுளோடு நல்ல ஆயுளும் பெற்றவர்களிடம் பிறவிக் காவல் விழித்திருக்கிறது என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் முதிய தலையாரிக்கு இரண்டு குறைகள் உண்டாகக்கூடும். முதலாவது, திசை தவறுதல். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஆராய்ச்சியாளர் முதியோரின் ந்யூட்ரோபில்களை எடுத்துச் சோதித்தபோது அவை நகரும் வேகம் இளைஞருடையதற்குக் குறையவில்லை. கிருமியை நோக்கிச் செல்லும் நேர்மைதான் குறைந்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாய்ப் போகும் வழியிலெல்லாம் நல்ல தசைகளையும் அவை புண்படுத்திவிடுகின்றன. இரண்டாவது, காரணமின்றிக் கூச்சலிடுதல். நாய் குரைத்தாலும், சருகு விழுந்தாலும் ஊரையெழுப்புகிற காவற்காரரை நாம் கண்டதில்லையா? அதுபோல, கிருமி இல்லாதபோதும் அழற்சி நீறுபூத்த நெருப்பாய் உடலுக்குள் கனன்றுகொண்டிருக்கும். இத்தாலியராகிய கிளாடியோ பிரான்செஸ்கி என்பவர் 2000ஆம் ஆண்டில் முதுமையின் இந்த அழற்சிக்கு ஒரு தனிப்பெயரே சூட்டினார். இரத்தக்குழாய் தடித்தல், தசை மெலிதல், மறதி நோய் ஆகியவற்றிலெல்லாம் இந்நெருப்புக்குப் பங்குண்டு என்பர். வயிற்றுக் கொழுப்பு, சொத்தைப் பல், ஈறுவீக்கம், புகை யாவும் இதற்கு விறகு. நூறு வயதினரிடமும் இந்நெருப்பு இல்லாமலில்லை; அதை அவிக்கும் பொருள்களும் அவர்களிடம் உடனிருக்கின்றன என்பதே விசேஷம். நன்றாக முதிர்தல் என்பது, கூப்பிட்டால் எழுந்துவந்து, வேலை முடிந்தால் அடங்கிவிடும் காவலைப் பெற்றிருத்தலேயாம்.

இவ்விஷயத்தில் நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். க்ஷயரோகத்திற்காகக் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியை எல்லோரும் அறிவீர்கள். இந்த மருந்தைத் தயாரிக்க 1948இல் சென்னைக் கிண்டியில் ஒரு சாலை ஏற்பட்டது. 1955இல் ராஜாஜி அவர்கள் இவ்வூசியை எதிர்த்து ஒரு பிரசுரமே வெளியிட்டார்கள். (அவர்கள் 94 வயது வரை வாழ்ந்ததைக் கொண்டு எவரும் எதையும் நிரூபிக்கப் புகவேண்டா.) பின்னர் 1968 முதல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட ஜனங்களிடையே இதனைச் சோதித்தார்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் அதுவும் ஒன்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை இவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. உண்மையை மறைக்காமல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியாளரை யாம் மெச்சுகிறோம்.

ஆயினும் கதை அத்துடன் நிற்கவில்லை. பிறவிக் காவலுக்கு நினைவு இல்லை என்பதே பழைய கொள்கை. ஒல்லாந்து தேசத்து மிகாய் நேட்டியா முதலானோர் இதனை மறுத்து, பி.சி.ஜி. போட்டபின் தலையாரியும் சில மாதங்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாயிருக்கிறார், வேறு கிருமிகளையும் நன்றாக எதிர்க்கிறார் என்று காட்டினர். 2020இல் கொரோனாப் பெருநோய் பரவி முதியோரைக் கொள்ளைகொண்ட சமயம், சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார் 60 முதல் 80 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வூசியைப் போட்டுப் பார்த்தனர். ஊசி போட்ட 54 பேரையும் போடாத 32 பேரையும் ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டனர். காவலைத் தூண்டும் ஊசி அழற்சியை மேலும் கிளப்பிவிடுமோ என்பது இயற்கையான அச்சமன்றோ? நடந்ததோ நேர்மாறு. ஒரு மாதத்திற்குப்பின் அவர்கள் இரத்தத்தில் அழற்சியை எழுப்பும் பொருள்கள் குறைந்திருந்தன. கனன்றுகொண்டிருந்த நீறு சற்று அடங்கிற்று என்று சொல்லலாம்.

இதைக் கேட்டவுடன் நாளைக் காலையிலேயே ஊசிக்குப் புறப்பட்டுவிட வேண்டா. இரத்தத்திலுள்ள பொருள் குறைவது வேறு; நோய் வராமலிருப்பது வேறு. கிரேக்க தேசத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதியோருக்கு இதனைப் போட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்டனர். போடாதவரில் நூற்றுக்கு 42 பேருக்கு ஏதேனும் ஒரு தொற்று வந்தது. போட்டவரில் 25 பேருக்கே வந்தது. ஒல்லாந்திலோ முதியோரிடை நடத்திய சோதனைகளில் இது கொரோனாவைத் தடுக்கவில்லை. ஆகவே இது இன்னும் ஆராய்ச்சியில் உள்ள விஷயமே. சந்தேகமற நிலைநின்றவை வேறு உண்டு: ஆண்டுதோறும் போடும் இன்புளூயன்ஸா ஊசியும், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியும். அறுபது கடந்தோர் இவைபற்றித் தம் வைத்தியரைக் கேட்பது உசிதம். எம் பாட்டியார்க்கு யாரும் கேட்கவில்லை.

ஊசியின்றி நம் கையிலேயே உள்ளவையும் சில. நாள்தோறும் நன்றாக நடக்கும் முதியோரின் ந்யூட்ரோபில்கள், உட்கார்ந்தே இருப்போருடையவற்றைவிடத் திசை தவறாமற் செல்வதை மேற்சொன்ன பர்மிங்காம் நகரத்தாரே கண்டனர். காடு கரைக்கு நடந்து பழகிய நம் பெரியோர்களைப் பிள்ளைகள் பட்டணத்திற்கு அழைத்துச் சென்று, “அப்பா, நீங்கள் இனிமேல் ஓய்வாக உட்காருங்கள்” என்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் இருத்திவிடுகிறார்கள். அன்பினாற் செய்வதே, ஆனால் அந்த அன்பு தலையாரியை முடமாக்குகிறது. அன்றியும், பல்லில்லை என்று சொல்லிப் பருப்பையும் பயற்றையும் விட்டு, வெறுஞ்சோற்று ரசத்தோடு காலந்தள்ளும் பாட்டிமார் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! வெள்ளணுக்களும் புரதத்தினால் ஆனவையே. பயற்றை வேகவைத்துக் குழைத்துக் கொடுப்பது மருமகளுக்குப் பெரிய சிரமமன்று; மகனுக்கும் அன்று.

மோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள்ளைச் செருகிப் பார்த்த மெச்னிகாவ், முதுமையைப் பற்றியும் ஆராய்ந்தவர். பல்கேரிய தேசத்து முதியவர்கள் புளித்த பாலை உண்பதே அவர்களுடைய ஆயுளுக்குக் காரணமென்று கருதித் தாமும் நாள்தோறும் அதனை உண்டார். 1916இல் தம் 71ஆம் வயதிற் காலமானார். ஆகையால் மோர் நூறாண்டு தருமென்று யாரும் வாக்களிக்க முடியாது. எனினும் 2021இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் சிலருக்குப் பத்து வாரம் தயிர் முதலிய புளித்த உணவுகளை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அழற்சியைக் குறிக்கும் 19 பொருள்கள் குறைந்தன. சோதனைக்குட்பட்டோர் சிலரே; முதியோரும் அல்லர். ஆயினும் கடையில் விற்கும் வர்ணத் தண்ணீருக்கு மோர் மேல் என்பதற்கு யாருடைய சோதனையும் தேவையில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் காலைப் பற்றித் தனியே கவனிக்கவேண்டும். இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தால் ந்யூட்ரோபில்கள் மந்தமாகிவிடுகின்றன. கால் நரம்பும் மரத்துப்போய் முள் தைத்ததே தெரிவதில்லை. வெறுங்காலுடன் கரிசலில் நடப்பது அவர்களுக்கு ஆகாது. சங்கரன்கோவிற் புற்றுமண்ணை நம் தாய்மார் பக்தியோடு கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அது நெற்றியில் இருக்கட்டும். திறந்த புண்ணில் எந்த மண்ணும் படலாகாது. மண்ணிலே இசிவுநோய்க் கிருமியின் விதைகள் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும்.

முதலிற் கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை சொல்லலாம். காய்ச்சல் கிருமி உண்டாக்குவதன்று. உடல் தானே மூட்டும் தீ. பிறவிக் காவலணுக்கள் கிருமியைக் கண்டதும் சில தூதுப் பொருள்களை மூளைக்கு அனுப்புகின்றன. மூளை உடலின் சூட்டை உயர்த்துகிறது. முதுமையில் தூதும் தளர்கிறது, தூதைக் கேட்டு எழும் சூடும் தளர்கிறது. கடுமையான தொற்று வந்த முதியோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்வரை காய்ச்சல் தெரியாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் என்பது வைத்திய நூற்கணக்கு. அவர்களுடைய இயல்பான சூடே சற்றுக் குறைவாதலால், இளைஞருக்குச் சாதாரணமான அளவுகூட அவர்களுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். வாயில் வைத்துப் பார்த்து 100 டிகிரி தாண்டினாலோ, வழக்கமான சூட்டைவிட இரண்டு டிகிரி கூடினாலோ அதனைக் காய்ச்சலென்றே கொள்ளவேண்டும். சூடு ஏறாமலே சட்டென்று உணவு மறுத்தல், பேச்சுத் தடுமாறுதல், ஆளை மாற்றி அழைத்தல், நடந்தவர் விழுதல், மூச்சு விரைதல் ஆகியன ஓரிரு நாளிற் புதிதாகத் தோன்றினால், அது வயதினால் வந்ததன்று. வயது ஒரே நாளில் ஏறுவதில்லை. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும்.

இதற்காக இச்சபையின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். வழக்கமான சூடு இன்னதென்று முன்னரே தெரிந்தாலன்றி, கூடிற்றா என்று அறியமுடியாது. ஆகவே சங்க நிதியிலிருந்து பத்து உஷ்ணமானிகள் வாங்கித் தெருவுக்கொன்றாக வைக்கவேண்டும். அறுபது வயது கடந்த ஒவ்வொருவருடைய சூட்டையும் நலமாயிருக்கும்போதே ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து, ரேஷன் அட்டையின் உறையிலோ நாட்காட்டியின் பின்புறத்திலோ குறித்துவைக்கவேண்டும். இதற்குப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளே போதும். பாதரசம் உள்ள பழைய கண்ணாடிக் குழல் வேண்டா, உடைந்தால் ஆபத்து. எண் காட்டும் மின்கருவியே மேல். அக்கிராசனர் அவர்கள் அனுமதித்தால், முதற்கருவியின் விலையை எம் பாட்டியார் பேரால் யாமே செலுத்துகிறோம். தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.